எம்.ஜி.பி: மூடிய தொழிற்சாலையும் புது உடம்பும்

எம்.ஜி. என்றால் இன்றைக்கு நம் ஊர் ரோட்டில் போகும் ஹெக்டர்தான் ஞாபகம் வரும். 2019-ல் இந்தியாவுக்கு வந்த வண்டி, இப்போது முதலாளி சீனாக்காரர். ஆனால் முன்னால் இருக்கும் அந்த எண்கோண முத்திரை இங்கிலாந்தைச் சேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கார்களை விற்றுக்கொண்டிருந்த 'மோரிஸ் கராஜஸ்' என்ற கடையின் முதல் எழுத்துகள்தான் எம்.ஜி. அதன் மேனேஜர் செசில் கிம்பர் 1920-களில் சாதாரண மோரிஸ் கார்களுக்கு அழகான பாடி கட்டி விற்க ஆரம்பித்தார். 1929-ல் பக்கத்து ஊரான அபிங்டனில் தொழிற்சாலை வந்தது.

அந்தத் தொழிற்சாலையின் பெரிய வெற்றி, 1962-ல் வந்த எம்.ஜி.பி. இரண்டு சீட், மடக்கும் கூரை, 1798 சி.சி. எஞ்சின். எஞ்சினில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. நம்ம அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு அது அண்ணன் முறை. இரண்டுமே பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' குடும்பம். (பழைய அம்பாசடர் மெக்கானிக் யாரும் எம்.ஜி.பி.யின் பானட்டைத் திறந்தால் முழிக்க மாட்டார்!)

புதுமை பாடியில் இருந்தது. முந்தைய எம்.ஜி.ஏ.வுக்குத் தனி சேஸிஸ் உண்டு; அதன்மேல் பாடியை உட்கார வைப்பார்கள். எம்.ஜி.பி.யில் பாடியேதான் சேஸிஸ். கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் 'சில்' என்ற தகரப் பெட்டிதான் பெரும்பாரத்தைத் தாங்க வேண்டும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் உள்ளிருந்து துரு தின்ன ஆரம்பிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே முதுகெலும்பு போயிருக்கும்.

18 ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. பாதிக்கு மேல் போனது அமெரிக்காவுக்கு. பிரச்சனையும் அங்கேதான். 1974-ல் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியைச் சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். அழகும் போச்சு, வளைவில் ஓட்டும் சுகமும் போச்சு. அதைவிடப் பெரிய அடி நாணய மாற்று விகிதம். 1976-ல் ஒரு பவுண்டு 1.70 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது. 1980-ல் சுமார் 2.40 டாலர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் மூலம் 6,000 டாலர் வருகிறது என்றால், பழைய விகிதத்தில் சுமார் 3,500 பவுண்டு. புதிய விகிதத்தில் வெறும் 2,500. ஆலையில் ஒரு ஆணிகூட மாறவில்லை, லாபம் மட்டும் காணாமல் போகிறது!

1979 செப்டம்பரில் அபிங்டன் ஊரே தொழிற்சாலையின் 50-வது ஆண்டைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு, செப்டம்பர் 10 திங்கட்கிழமை, அங்கே எம்.ஜி. தயாரிப்பு நிறுத்தப்படும் என்று உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் 900 பவுண்டு நஷ்டம் என்றது நிர்வாகம். இந்தக் கணக்கைப் பலர் அப்போதே ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டாலும், 18 ஆண்டுகளாக அந்த காருக்கு வாரிசு தயார் செய்யாமல் விட்டது யார் என்ற கேள்வி நிற்கிறது. ஸ்ட்ரைக்குக்குப் பேர்போன லேலண்டில், தொழிலாளர் தகராறு குறைவாக இருந்த ஆலை அபிங்டன். அதை மூடினார்கள். ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு குழு வாங்க முயன்று பணம் திரட்ட முடியாமல் விலகியது. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியே வந்தது. மிச்சம் வைத்த போட்டிக் கார் டிரயம்ஃப் டி.ஆர்.7-ம் அடுத்த வருடமே நின்றது என்பது தனி சோகம்.

இனி ஓடுகிற கார்களைக் காப்பாற்றுவது சொந்தக்காரர் பாடு. எஞ்சினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைத்தது. துருவுக்கு என்ன செய்வது? பட்டி வைத்துப் பெயின்ட் அடித்து விற்றவர்கள் ஏராளம். ஒழுங்கான டிங்கரிங் என்றால் சில்லை வெட்டி எடுத்துப் புதுசு வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக் கொடுக்காவிட்டால், கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு அந்தக் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது.

இந்த இடத்தில்தான் டேவிட் பிஷப் வருகிறார். லேலண்ட் 1975-ல் தொடங்கிய 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்' என்ற துணை நிறுவனத்தில் இருந்தவர். எம்.ஜி.பி.யின் தகடுகளை அழுத்தி உருவாக்கிய பழைய அச்சுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடிச் சேர்த்தார். 1988-ல் ஃபாரிங்டன் என்ற சிறு ஊரில், அதே அச்சுகளைக் கொண்டு முழு பாடி தயாரித்து விற்க ஆரம்பித்தார்கள். காரைக் கொன்ற கம்பெனியின் குடும்பமே, எட்டு வருடம் கழித்து அதன் உடம்பை விற்றுக் காசு பார்த்தது! அந்தப் பாடியையே அடிப்படையாக வைத்து, வி8 எஞ்சின் பொருத்தி, 1990-களின் முதல் பாதியில் ரோவர் கம்பெனி 'ஆர்.வி.8' என்று சுமார் 2,000 கார் செய்தது. பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

புது பாடி வாங்கியவர் தன் பழைய காரின் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், சீட் எல்லாவற்றையும் கழற்றி அதில் மாட்டிக்கொள்வார். அப்படியானால் அது 1965 மாடல் காரா, 1988 மாடல் காரா? பிரிட்டிஷ் பதிவு விதிகள் இதற்குப் பல ஆண்டுகள் மார்க் போட்டன. பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளக் குறைந்தது 8 மார்க் வேண்டும். ஒரிஜினல் பாடிக்கு 5. அதே அளவில் அச்சு மாறாமல் செய்த புது பாடிக்கும், ரசீது காட்டினால், அதே 5. எஞ்சினுக்கு வெறும் 1 மார்க்தான். ஆக, ரசீதும் பழைய ஆக்ஸில், கியர்பாக்ஸும் கையில் இருந்தால் கார் சட்டப்படி 1965 மாடலாகவே தொடர்ந்தது. நம்பர் பிளேட்டைக் கழற்றிப் புது உடம்பில் மாட்டிவிட்டு, துருப்பிடித்த பழைய உடம்பைப் பழைய இரும்புக்குப் போடலாம்.