ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் (1908–1999)

பெர்லினில் பிறந்த கட்டடக் கலைஞர், நகரத் திட்ட வல்லுநர். யூத வழியினர் என்பதால் நாஜி ஆட்சியில் வேலை இழந்து நாட்டை விட்டு வெளியேறியவர். ஜாம்ஷெட்பூர், புவனேசுவரம் ஆகிய நகரங்களுக்குத் திட்டம் வகுத்தவர்.

தந்தையும் கட்டடக் கலைஞர். தாய்மாமன் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன். பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் ஹான்ஸ் போல்சிக், புருனோ டாவுட் போன்றோரிடம் படித்த கோனிக்ஸ்பெர்கருக்கு 1933-இல் ஷிங்கெல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கும் சட்டம் வந்தது. பரிசு கையில் இருந்தது, வேலை போயிற்று. எகிப்துக்குச் சென்று, நெஃபர்டிட்டி சிலையைக் கண்டெடுத்த லுட்விக் போர்ஷார்ட்டிடம் தொல்கட்டட ஆய்வில் சேர்ந்தார். கோனிக்ஸ்பெர்கருடைய முனைவர் பட்ட ஆய்வின் பொருள், பண்டைய எகிப்தியக் கதவுகள்.

மாமனும் அதே சட்டத்தால் கோட்டிங்கனில் பதவி இழந்தவர்தான். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். அவர் அழைப்பின்பேரில் போர்ன் 1935–36-இல் அங்கு சில மாதங்கள் தங்கினார். மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் பழக்கம் ஏற்பட்டது. அந்தத் தொடர்பின் வழியே மருமகன் 1939-இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார்.

திவானுக்குக் குவிமாடமும் வளைவும் பிடிக்கும். பெர்லினில் பயின்றவருக்கு அவை ஆகா. இந்த இழுபறியில் இருவருமே முழுதாக வென்றதாகச் சொல்ல முடியாது. ஆனால் உலகப் போர்க்காலத்தில் சிமெண்டும் இரும்பும் அருகிப்போனபோது கோனிக்ஸ்பெர்கர் கற்ற பாடம் பெரிது: வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, காற்று எந்தப் பக்கம் நுழைகிறது, மழைச்சாரல் எதுவரை அடிக்கிறது என்பதே வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். அறிவியல் கழகத்தின் விமானப் பொறியியல் துறைக் கட்டடம் இக்காலத்தது.

டாட்டா நிறுவனத்துக்காக ஜாம்ஷெட்பூர் திட்டத்தை 1940-களின் நடுவில் வகுத்தார். 1948-இல் ஒடிசாவின் புதிய தலைநகரான புவனேசுவரத்தைச் சிறு குடியிருப்பு வட்டாரங்களாகப் பிரித்தார். நடைபாதையில் தொடங்கி நெடுஞ்சாலை வரை 7 வகைச் சாலைகள் அதில் உண்டு. குழந்தை பள்ளிக்கு நடந்தே போகவேண்டும் என்பது அவர் கணக்கு. நகரத்தின் அரசுக் கட்டடங்களை வரைந்தவர் ஜூலியஸ் வாஸ்.

1948-இல் இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநரானார். பிரிவினையால் லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்திருந்த நேரம். தானும் நாடு இழந்து வந்தவருக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. தொழிற்சாலையில் சுவர்ப் பலகைகளை வார்த்து வீடுகளை விரைவாக அமைத்துவிடலாம் என்று தில்லி ஜங்புராவில் அரசு வீட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பலகைகள் விரிசல் விட்டன. திட்டம் தோற்றது, பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது. 1951-இல் அவர் லண்டனுக்குச் சென்றார்.

அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு இந்தத் தோல்வியே அடித்தளம் என்று கொள்ள இடமுண்டு. முழு வீட்டை அரசே வார்த்துத் தருவது என்ற எண்ணத்தைக் கைவிட்டார். 1950-களின் நடுவில் சார்லஸ் ஏப்ரம்ஸ் முதலானோருடன் ஐ.நா. சார்பில் இன்றைய கானாவுக்குச் சென்றபோது பரிந்துரைத்தது கூரைக் கடன். மண்சுவரை மக்கள் தாமே எழுப்பிக்கொள்வார்கள். காசு கொடுத்து வாங்கவேண்டியது கூரையும் கதவும்தான். ஆகவே அவற்றுக்கு மட்டும் கடன் கொடுத்தால் போதும். 1963-இல் சிங்கப்பூருக்கான ஐ.நா. அறிக்கையிலும் இவர் பங்கு உண்டு.

லண்டன் கட்டடக்கலைக் கழகத்தில் 1954-இல் தொடங்கிய வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறைக்குச் சில ஆண்டுகளில் தலைவரானார். அத்துறை 1971-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இடம் மாறியது. இணையாசிரியர்களுடன் 1974-இல் அவர் வெளியிட்ட வெப்பமண்டல வீட்டுக் கட்டடக் கையேடு இந்தியக் கட்டடக்கலைக் கல்லூரிகளில் பாடநூலாயிற்று. நிழலின் கோணத்தைக் கணக்கிடும் வரைபடங்களுக்காக மாணவர்கள் அதைப் புரட்டுவார்கள். கோனிக்ஸ்பெர்கர் 1999 ஜனவரியில் லண்டனில் காலமானார்.