சதவீதத்தில் அடங்காத பிள்ளை: நீலகிரிச் சிறுபள்ளிகளும் கற்றல் டேஷ்போர்டும்

தமிழகத்தில் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) எண் உண்டு. வருகைப்பதிவும் மாற்றுச் சான்றிதழும் அந்த எண்ணோடு சேர்கின்றன. 2022 ஜூனில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்குத் தொடங்கி, மறு கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பிள்ளைகளைக் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, வளரறி மதிப்பீட்டைச் செயலியில் பதியச் செய்தது. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட இது சரியான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பதிவுகள் மேலே போய்ச் சதவீதமாகத் திரளும் இடத்தில்தான் சிக்கல்.

நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் வருகை 97.5 சதவீதம். நீலகிரியின் பந்தலூர்ப் பக்கத்துச் சிறு தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பில் ஐந்தே பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வராவிட்டால் 80. இரண்டு இடத்திலும் விடுபட்டது ஒரே ஒரு பிள்ளைதான். ஆனால் பச்சை, சிவப்பு என நிறம் பிரிக்கும் டேஷ்போர்டுப் பலகையில் சிறுபள்ளிதான் சிவப்பில் நிற்கும். தலைமையாசிரியர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எண்ணிக்கை சிறிதானால் சதவீதம் தாறுமாறாக ஆடும் என்பது புள்ளியியலின் பாலபாடம். மலைப்பள்ளிகளை அளக்கும்போது அதை மறக்கலாகாது.

வராததன் காரணமும் பலகையில் தெரிவதில்லை. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் தென்மேற்குப் பருவமழை வலுத்தாலோ, வழியில் யானை நின்றாலோ பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பெற்றோர் கர்நாடகத்தின் குடகுக்குக் கூலி வேலைக்குப் போனால் பிள்ளையும் உடன் போகும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் செல்லும் மாணவரின் பதிவு ‘காமன் பூல்’ எனும் பொதுத்தொகுப்புக்கு மாறி, அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும். சொல்லாமல் போன பிள்ளையின் பெயரோ பழைய பள்ளியிலேயே தங்கி, நாள்தோறும் அதன் வருகையைக் குறைக்கும். அந்தப் பெயரை நீக்காமல், பிள்ளை என்றாவது திரும்பும் என்று வைத்திருக்கும் ஆசிரியருக்கே கெட்ட பெயர். இந்த அநீதி என்னை மிகவும் உறுத்துகிறது.

பிள்ளையின் வீட்டுமொழியும் அப்படியே பலகையில் தெரிவதில்லை. பணியர் பழங்குடி வீட்டுக் குழந்தைக்கும், ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் குழந்தைக்கும் தமிழ் வீட்டுமொழி அன்று. தமிழ் எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டு, கேட்ட கேள்விக்குத் தன் மொழியில் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளையும், எதுவுமே புரியாத பிள்ளையும் செயலியில் ஒரே ‘அரும்பு’தான். ஆனால் இருவருக்கும் தேவைப்படும் பாடம் வேறு. முதல் பிள்ளைக்கு வேண்டியது தமிழ்ச் சொற்கள். இரண்டாவதுக்கு அடிப்படையிலிருந்தே எல்லாம். இந்த வேறுபாட்டை ஆசிரியர் அறிவார். அதைப் பதியப் பலகையில் இடம் வேண்டும்.

எனவே என் கோரிக்கை இது. ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கும் குறைவாக இருந்தால், மாவட்ட, ஒன்றியப் பலகைகளிலிருந்து சதவீதத்தையும் நிறத்தையும் எடுத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டலாம். பிள்ளையின் வீட்டுமொழியும் வராததன் காரணமும் வகுப்பாசிரியரின் திரையில், சென்ற மாத நிலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத சரிவுகளில் உள்ள பள்ளிகளுக்கு, இணையம் கிடைக்கும்போது பதிவேற்ற அவகாசம் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. இருப்பதில் இரண்டு பத்திகளைக் கூட்டி, மேற்சொன்ன மாற்றங்களைச் செய்தால் போதும். வருகிற கல்வியாண்டிலேயே கூடலூர் ஒன்றியத்தில் இதைச் செய்து பார்க்கலாம்.