டினோ ஸொஃப்: கோல் காப்பாளரும் பயிற்றுநரும்

உதைபந்தாட்ட வரலாற்றை எழுதுவோர் கோலடித்தவரின் பெயரையே முதலிற் பொறிப்பர். கோல் காப்பாளன் அவ்வரலாற்றில் இடம்பெறுவது பெரும்பாலும் அவன் தவறவிட்ட பந்தினாலேயாம். 90 நிமிடம் விழித்திருந்தவன் ஒரு கணத்தைக் கொண்டு அளக்கப்படுகின்றான். பயிற்றுநரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. இவ்விரு பணிகளையும் ஏற்று, இரண்டிலும் இத்தகைய தீர்ப்புக்கு உள்ளானவர் இத்தாலியரான டினோ ஸொஃப்.

இத்தாலியின் வடகிழக்கிலுள்ள பிரியூலிப் பகுதியில், உழவர் குடும்பமொன்றில், 1942 பெப்ரவரி 28 இல் அவர் பிறந்தார். 14 வயதில் யுவென்டஸ், இன்டர் மிலான் ஆகிய பெருங் கழகங்கள் உயரம் போதாதெனத் திருப்பியனுப்பின. பேரன் வளரவேண்டுமெனப் பாட்டியார் நாள்தோறும் முட்டைகளை ஊட்டிய கதை அந்நாட்டிற் பெயர்பெற்றது. முட்டையினாற்றான் வளர்ந்தாரோ என்பதை நாம் ஆராயவேண்டியதில்லை. 1961 இல் ஊடினேசே கழகத்துக்காக முதற்பிரிவில் முதன்முறை ஆடிய அன்று ஐந்து கோல்கள் அவரைக் கடந்து சென்றன. மந்தோவா, நாப்போலி ஆகிய கழகங்களின் பின், முன்னர் தம்மை வேண்டாமென்ற யுவென்டஸிலேயே 1972 இற் சேர்ந்து, 11 ஆண்டுகளில் 6 முறை நாட்டின் வாகைப்பட்டத்தைப் பெற்றார்.

1968 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியின் காப்பாளரும் அவரே. 1972 முதல் 1974 வரை சர்வதேச ஆட்டங்களில் 1142 நிமிடங்கள் ஒரு கோலேனும் அவர் வலையிற் புகவில்லை. அதனை முடித்துவைத்தவர் ஹெயிற்றி நாட்டின் சனோன். அன்று இத்தாலி 3-1 என வென்றதாயினும் பேசப்பட்டது அந்த ஒரு கோலே. 1978 உலகக் கிண்ணத்தில் ஒல்லாந்தரும் பிரேசிலியரும் நெடுந்தொலைவிலிருந்து அடித்த பந்துகள் உள்ளே சென்றபோது, முதியவருக்குக் கண் மங்கிவிட்டதென்று ஏளனஞ் செய்தனர். அப்போது அவருக்கு வயது 36.

நான்கு ஆண்டுகளின் பின், 40 ஆவது வயதில், அணித்தலைவராக அவர் ஸ்பெயினுக்குச் சென்றார். பத்திரிகைகளின் தூற்றலால் வெறுப்புற்ற வீரர்கள் நிருபர்களுடன் பேச மறுத்தனர். அணியின் சார்பிற் பேசும் பொறுப்பு, யாவரிலும் குறைவாகப் பேசும் ஸொஃப்பிடமே விழுந்தது. யூலை 5 இல் பிரேசிலுடன் ஆட்டம். சமநிலையே பிரேசிலுக்குப் போதும். இத்தாலி 3-2 என முன்னிற்க, இறுதி நிமிடங்களில் ஒஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோட்டின்மேலேயே அவர் அமுக்கிப் பிடித்தார். எதிரணியினர் கோல் எனக் கைகளை உயர்த்தினர். பந்து கோட்டைக் கடக்கவில்லையென அவர் சைகை காட்டினார். நடுவர் அதனை ஏற்றார். ஆறு நாட்களின் பின் மட்ரிட்டில் கிண்ணம் அவர் கையிலிருந்தது.

1983 இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றபின் பயிற்றுநரானார். 1988 இல் யுவென்டஸைப் பொறுப்பேற்றார். அவருடைய துணைவராகவும் பழைய தோழராகவும் இருந்த சிரேயா, 1989 செப்டெம்பரில் போலந்தில் வீதி விபத்தில் மாண்டார். அத்துயரின் நடுவே, 1990 இல், இத்தாலியக் கிண்ணத்தையும் ஐரோப்பிய ஒன்றியக் கிண்ணத்தையும் அவ்வணி வென்றது. ஆயினும் கழகம் அவரை வைத்துக்கொள்ளவில்லை. பின்னர் லாசியோவின் பயிற்றுநராகவும் தலைவராகவும் இருந்து, 1998 இல் தேசிய அணியைப் பொறுப்பேற்றார்.

2000 யூலை 2 இல் றொட்டர்டாமில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். மேலதிக நேரத்தின் கடைசிக் கணங்கள் வரை இத்தாலி 1-0 என முன்னின்றது. வில்ட்டோர் சமன்செய்தார், நீடிப்பு நேரத்தில் டிரெஸகேயின் பொற்கோல் பிரான்சுக்கு வெற்றியளித்தது. மறுநாள், ஏ. சி. மிலான் கழகத்தின் உரிமையாளரும் அந்நாளைய எதிர்க்கட்சித் தலைவருமான பெர்லுஸ்கோனி, ஸிடேனைத் தொடர்ந்து கட்டிப்போட ஒருவரை நிறுத்தாத பயிற்றுநரைக் கடுமையாகத் தாக்கினார். இக்குற்றச்சாட்டு ஆராயத்தக்கது. முதற் கோல் பிரெஞ்சுக் காப்பாளர் பார்த்தேஸ் நெடுக உதைத்த பந்திலிருந்து பிறந்தது. இரண்டாவது பிரேஸ் இடப்புறத்தே ஓடி அளித்த பந்து. இரண்டிலும் ஸிடேனின் கால் படவில்லை. அதற்கு முன்னர் டெல் பியரோ தவறவிட்ட இரு வாய்ப்புகளுள் ஒன்று கைகூடியிருப்பின் இப்பேச்சே எழுந்திராது.

யூலை 4 இல் ஸொஃப் பதவி துறந்தார். ஆட்டத்தைப் பற்றிய விமரிசனத்தைத் தாம் பொறுப்பதாகவும், ஆனால் தம் உழைப்பை இழிவுசெய்வதைப் பொறுக்கமுடியாதெனவும் கூறினார். சினத்தால் எடுத்த முடிபென்றனர் சிலர். எனினும், அரசியல் வலிமையும் செல்வமும் கொண்ட ஒருவரின் சொல்லுக்குப் பணிந்து பதவியிலிருப்பதினும் அது மேலானதென்றே கொள்ளவேண்டும். 1978 இல் ஏளனத்தை வாய்திறவாது தாங்கியவர் அவர் என்பதையும் மறத்தலாகாது.

அதன்பின் லாசியோவுக்கு மீண்டார். இறுதியாக 2005 இல் பியொரென்ரினா கழகத்தை ஏற்று, பருவத்தின் கடைசி நாளிலேயே அதனைக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காது காத்தார்.