காந்த நாடாவின் கொள்ளளவு

வணிகக் கணினிகளில் காந்த நாடாவை முதலில் பயன்படுத்தியது 1951-இல் வந்த யூனிவாக். அதன் நாடா நிக்கல் பூசிய உலோகப் பட்டை. அகலம் அரை அங்குலம். மறு ஆண்டே ஐபிஎம் நிறுவனம் பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்தது. அதில் அங்குலத்துக்கு 100 எழுத்துகளைப் பதியலாம்.

1964-இல் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிகளோடு ஒன்பது தட நாடா வந்தது. எட்டுத் தடங்களில் தரவு. ஒன்பதாவது பிழை காண்பதற்கு. அங்குலத்துக்கு 800 பைட் வீதம், 2,400 அடிச் சுருள் கணக்குப்படி 23 மெகாபைட் கொள்ள வேண்டும். நடைமுறையில் அவ்வளவு கொள்ளவில்லை. ஒவ்வொரு பதிவுத் தொகுதிக்குப் பிறகும் இயந்திரம் நின்று மறுபடி வேகம் பிடிக்க 0.6 அங்குலம் வெற்றிடம் தேவைப்பட்டது. ஒரு துளை அட்டையின் 80 எழுத்துகள் நாடாவில் பிடிக்கும் இடம் 0.1 அங்குலம்தான். அட்டைக்கு ஒரு தொகுதி என்று எழுதினால் ஏழில் ஆறு பங்கு நாடா வெறுமையாகவே போய்விடும். சுருளில் தேறுவது சுமார் 3.3 மெகாபைட். பத்து அட்டைகளை ஒரே தொகுதியாகச் சேர்த்து எழுதினால் அதே சுருள் 14.4 மெகாபைட் தாங்கும். அந்தக் காலத்தில் கொள்ளளவு பெருமளவு நிரல் எழுதுபவரின் திறமையைப் பொறுத்திருந்தது.

1970-களில் பதிவு அடர்த்தி அங்குலத்துக்கு 6,250 பைட்டாக உயர்ந்தது, வெற்றிடமும் 0.3 அங்குலமாகக் குறைந்தது. 1984-இல் ஐபிஎம் 3480 வந்தபோது, கையடக்கமான கார்ட்ரிட்ஜ் ஒன்றிலேயே 200 மெகாபைட் அடங்கியது.

பின்னர் தரவைச் சுருக்கி எழுதும் வசதி நாடா இயந்திரத்துக்குள்ளேயே வந்தது. அதனால் கொள்ளளவை இரண்டு எண்களால் குறிக்கும் வழக்கம் பரவியது. எல்டிஓ (LTO) என்ற கார்ட்ரிட்ஜ் நாடா வகையின் 2000-இல் வெளிவந்த முதல் தலைமுறைக்கு 100 ஜிகாபைட், 200 ஜிகாபைட் என இரு அளவுகள் சொல்லப்பட்டன. முன்னது சுருக்காத அளவு. பின்னது தரவு பாதியாகச் சுருங்கும் என்ற அனுமானம். 2012-இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்து இந்த அனுமானம் இரண்டரை மடங்காக உயர்த்தப்பட்டது. 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறைக்கு 18 டெராபைட், 45 டெராபைட் என்று குறிக்கப்படுவது இப்படித்தான்.

இந்த வளர்ச்சியிலும் நாடாவின் அகலம் அதே அரை அங்குலம்தான். முதல் எல்டிஓவில் 384 ஆக இருந்த தடங்கள் ஒன்பதாம் தலைமுறையில் 8,960 ஆயின. நீளம் 609 மீட்டரிலிருந்து 1,035 மீட்டரானது. தடத்தின் நெடுகிலும் பிட்டுகள் மேலும் நெருக்கமாகப் பதிக்கப்பட்டன.

ஏற்கெனவே சுருக்கப்பட்ட காணொளிகளும் மறையாக்கம் செய்த கோப்புகளும் மேலும் சுருங்குவதில்லை. அவற்றுக்கு 18 டெராபைட்டே வரம்பு. 1,024-இன் மடங்குகளில் எண்ணும் மென்பொருள் அதே அளவைச் சுமார் 16.4 என்று காட்டும். காப்பு நகலுக்கு எத்தனை நாடா வேண்டும் என்று திட்டமிடுபவர் சுருக்காத அளவையே அடிப்படையாகக் கொள்வது பாதுகாப்பானது.