குழம்புப் பொடியும் அனுமதிச் சீட்டும்

திருமுடிவாக்கத்தில் வசிக்கும் நண்பர் ஒருவரும் அவர் துணைவியாரும் பிரான்சிலிருக்கும் மகள் குடும்பத்தோடு மார்த்தினிக் தீவில் பத்து நாட்கள் விடுமுறையைக் கழித்துத் திரும்பினார்கள். ஊர் திரும்பிய வாரத்தில் எங்கள் வாசகர் வட்டத்திற்கு வந்தவர்கள், கடலைப் பற்றியோ மணலைப் பற்றியோ அதிகம் சொல்லவில்லை. சொன்னவை இரண்டு குறைகள். ஒன்று, மளிகைச் சாமான் விலை. பல்பொருள் அங்காடியில் பாரிசை விடக் கூடுதல் விலைக்கு அரிசியும் எண்ணெயும் வாங்க வேண்டியிருந்ததாம். மற்றொன்று, ஓரிடத்திலிருந்து ஓரிடம் போவதன் சிரமம். மாலை ஆனால் பேருந்து அருகிவிடும், ஞாயிற்றுக்கிழமையோ கேட்கவே வேண்டாம், வாடகைக் கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்றார்கள். இதைச் சொல்லிவிட்டு அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து வைத்தார். ஃபோர்-த-பிரான்ஸ் நகரின் பெரிய சந்தையில் வாங்கிய மஞ்சள் நிறப் பொடி. பிரித்ததும் அறை முழுதும் நம் வீட்டு அடுப்படி மணம்.

பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த பெயர் 'கொலம்போ'.

அந்த இரண்டு குறைகளுக்கும் இந்தப் பொடிக்கும் தொடர்பு உண்டு என்று எங்களுக்குத் தோன்றியது. இக்கட்டுரை அந்தத் தொடர்பைத் தேடிச் சென்றதன் விளைவு.

முதலில் பொடி. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, மஞ்சள், பல வீடுகளில் வறுத்த அரிசியும் சேரும். மிளகாய் பெரும்பாலும் பொடியில் இல்லை. அத்தீவுகளின் கடுங்காரமான உருண்டை மிளகாயைச் சமைக்கும்போது தனியே போடுகிறார்கள். கறிவேப்பிலை இல்லை. இப்பொடியிட்டுச் சமைக்கும் ஆட்டுக்கறிக்கும் கோழிக்கறிக்கும் பெயர் கொலம்போதான். மார்த்தினிக், குவாதலூப் இரு தீவுகளிலும் இன்று இது எல்லா இனத்தவரின் உணவு. 'குழம்பு' என்னும் நம் சொல்லே இப்படித் திரிந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உளர். ஆட்டைப் பலியிட்டு மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் செய்யும் பூசையின் முடிவில் வாழை இலையில் இதைப் பரிமாறுவதைப் பார்த்தால் நாங்கள் முதற்கட்சி சேருவோம். அந்த மதுரைவீரன் அங்கே 'மால்தேவிலன்' ஆகிவிட்டார். நாகூர் ஆண்டவரும் 'நாகூர் மீரா' என்ற பெயரில் கொடிமரத்தோடு அதே கோயிலில் இருக்கிறார். கடல் கடந்தவர்கள் கடல் காக்கும் அவரை விட்டுவிட்டு வந்திருக்க முடியாது.

பாரதியின் பாட்டால் பீஜியின் கரும்புத் தோட்டம் நமக்குத் தெரியும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யால் இலங்கைத் தேயிலைத் தோட்டம் தெரியும். கரீபியன் தீவுகளுக்குச் சென்ற தமிழரைப் பற்றித் தமிழில் அப்படியொரு பெரும் படைப்பு மனத்தில் நிற்கவில்லை. பிரெஞ்சில் உண்டு. மார்த்தினிக்கின் ரஃபாயேல் கோன்ஃபியான் 2004-இல் வெளியிட்ட நாவல் இவர்களைப் பற்றியதுதான்.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848-இல் ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பழைய எசமானர்களின் கரும்புக் காட்டில் பழைய நிபந்தனைகளில் உழைக்க மறுத்தனர். முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடிப் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பினர். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் இந்தியரை மார்த்தினிக்கின் சேன்-பியேர் துறைமுகத்தில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டுசென்றது. 1880களின் இறுதிக்குள் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போயிருந்தனர். பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். கப்பலேறியது பிரெஞ்சுத் துறைமுகத்தில் என்றாலும் பலரது ஊர் பிரிட்டிஷ் தமிழ் மாவட்டங்களில் இருந்தது. பிரிட்டிஷ் தீவுகளின் கதை சற்று முந்தியது. டிரினிடாட்டுக்கு முதற் கப்பல் கல்கத்தாவிலிருந்து 1845 மே 30 அன்று போய்ச் சேர்ந்தது. 1917 வரை சுமார் 1,44,000 இந்தியர் அத்தீவுக்குச் சென்றனர். அவர்களில் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள் சிறுபான்மை. 'மதராசி' என்ற பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.

இப்போது நண்பரின் முதற் குறைக்கு வருவோம். அத்தீவுகளில் உணவு ஏன் விலை அதிகம்? நல்ல நிலமெல்லாம் கரும்புக்குப் போயிற்று. உண்பதற்கானதைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் பிடித்து உப்பிட்டு உலர்த்திய காட் மீனும், வங்காளத்திலிருந்தும் நம் கரையிலிருந்தும் போன அரிசியும்தான் கூலியாட்களின் படி. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு படியும் எழுதப்பட்டிருந்தது. மார்த்தினிக்கில் ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க். டிரினிடாட்டில் நாளொன்றுக்கு 25 சென்ட். புதிதாக வந்தவர்களுக்கு அளித்த படியின் விலை அதிலிருந்து பிடித்துக்கொள்ளப்பட்டது. எதை உண்பது, எவ்வளவு உண்பது, எங்கே வாங்குவது என்ற மூன்றும் தோட்டத்துக் கணக்கரின் ஏட்டில் இருந்தன. புளியில்லை, நல்லெண்ணெயில்லை, வழக்கமான பருப்பில்லை. கையில் கிடைத்த மல்லியையும் சீரகத்தையும் மஞ்சளையும் வைத்து, உவர்ப்பேறிய மீனையும் எப்போதாவது கிடைத்த கறியையும் நம் நாக்குக்கு இணங்கும்படி யாரோ ஒருத்தி செய்திருக்கிறாள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவள் கைப்பக்குவம் மட்டும் இன்று பொட்டலத்தில் விற்கிறது.

இரண்டாவது குறைக்கு வரலாறு இன்னும் கடுமையான விடை வைத்திருக்கிறது. அத்தீவுகளில் ஓரிடம் விட்டு ஓரிடம் போவது ஒரு காலத்தில் குற்றம். 1852 பிப்ரவரி 13-ஆம் நாள் பிரெஞ்சு ஆணை, தொழிலாளி ஒவ்வொருவரும் வேலைக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டுமென்றது. அது கையில் இல்லாமல் சாலையில் அகப்பட்டவன் நாடோடி எனத் தண்டிக்கப்பட்டான். 1855-இல் மார்த்தினிக்கின் ஆளுநர் தீவுக்குள்ளேயே நடமாடுவதற்கு உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறையைக் கொண்டுவந்தார். ஒப்பந்தக் கூலியான தமிழனுக்கோ தோட்டத்தின் எல்லையே தீவின் எல்லை. பக்கத்துத் தோட்டத்தில் தங்கையைப் பார்க்கவும் சீட்டு வேண்டும். டிரினிடாட்டிலும் அப்படியே. சீட்டில்லாமல் தோட்டத்துக்கு வெளியே காணப்பட்டவரைக் காவலர் பிடிக்கலாம். ஒப்பந்தம் முடிந்து விடுதலையானவரும் 'நான் விடுதலையானவன்' என்னும் காகிதத்தை மடியில் முடிந்துகொண்டுதான் நடக்க வேண்டும்.

இந்த நடமாட்டத் தடை ஒருமுறை துப்பாக்கியில் முடிந்தது. டிரினிடாட்டில் முஹர்ரம் பண்டிகைக்கு 'ஹோசே' என்று பெயர். நம் தஞ்சைப் பக்கத்து 'அல்லாசாமி பண்டிகை' போல இந்துக்களும் திரளாகக் கலந்துகொள்வது அது. தோட்டம் தோட்டமாகத் தாஜியா செய்து, ஊர்வலமாக நகரத்துக்குள் சென்று, நீரில் கரைப்பது வழக்கம். 1884-இல் ஊர்வலங்கள் நகரங்களுக்குள் நுழையக் கூடாதென அரசு தடை விதித்தது. அக்டோபர் 30 அன்று சான் பெர்னாண்டோ நகரின் வாயில்களில் ஊர்வலத்தின் மீது காவலர் சுட்டனர். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், நூறு பேரளவில் காயமுற்றனர். விசாரணைக்கு ஜமைக்காவின் ஆளுநர் சர் ஹென்றி நார்மன் வந்தார். சுட்டது சரியே என்றுதான் அவர் அறிக்கை முடிந்தது. திருவிழாவுக்காகக் கூடச் சாலையில் நடக்க உரிமை இல்லை என்பதை அம்மக்கள் அன்று அறிந்துகொண்டனர்.

இதற்குப் பின் வந்த நூறாண்டுகளில் இந்தியரின் வழித்தோன்றல்கள் டிரினிடாட்டில் எந்தத் தொழில்களைப் பற்றினர் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஒன்று காய்கறியும் மளிகையும், மற்றொன்று போக்குவரத்து. தாய்நாடு திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு 1869 முதல் சில ஆண்டுகள் பத்து ஏக்கர் அரசு நிலம் அளித்தனர். அந்நிலங்களில் நெல்லும் காய்களும் விளைந்தன. ஊர்கள் எழுந்தன. சிறு கடைகள் திறந்தன. வி.எஸ். நைபாலின் பிஸ்வாஸ் கரும்புக் காட்டு நடுவே மளிகைக் கடை வைத்துக் கடன் கொடுத்தே நொடித்துப்போவதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம்மூரில் கடன் நோட்டு வைத்திருக்கும் எந்த அண்ணாச்சியும் அந்த அத்தியாயத்தைத் தன் கதையாகவே படிப்பார். மாட்டுவண்டி ஓட்டியவர்களின் பேரர்கள் டாக்சி ஓட்டினர்.

ஆகவே டிரினிடாட் போகும் நம்மவருக்குச் சிக்கனமாக உண்பதும் ஊர் சுற்றுவதும் மார்த்தினிக்கை விட எளிது. அத்தீவின் ரயில் 1876-இல் தொடங்கி 1968-இல் நின்றுபோயிற்று. அரிமா ஊருக்குப் போன தண்டவாளப் பாதையில் இன்று பேருந்துகளும் 'மேக்சி' எனப்படும் வேன்களும் மட்டும் ஓடுகின்றன. பழைய ரயில் நிலையமே போர்ட் ஆஃப் ஸ்பெயினின் வேன் நிலையம். வேனின் பக்கவாட்டுப் பட்டையின் நிறம்தான் வழித்தடம். கிழக்கே அரிமாவுக்குச் சிவப்பு, தெற்கே சாகுவானஸ், சான் பெர்னாண்டோவுக்குப் பச்சை. நம் ஷேர் ஆட்டோவில் பழகியவர்களுக்கு அரை மணியில் பிடிபட்டுவிடும். பங்கு டாக்சியின் எண் பலகையில் 'எச்' எழுத்து இருக்கிறதா என்று பார்த்து ஏற வேண்டும். காலைப் பசிக்கு 'டபுள்ஸ்'. இரண்டு மெல்லிய பொரித்த ரொட்டிகளுக்கிடையே கொண்டைக்கடலை. 1936-இல் பிரின்சஸ் டவுன் என்னும் ஊரில் ஓர் இந்திய வம்சாவளித் தம்பதியர் விற்கத் தொடங்கியதாகக் கூறுவர்.

பிரெஞ்சுத் தீவுகளில் வேறு விதமாயிற்று. அங்கே இந்தியர் மக்கள்தொகையில் சிறு பகுதி. தமிழ்ப் பேச்சும் பூசை மந்திரங்களில் ஒடுங்கிவிட்டது. நடமாடும் உரிமைக்கு அடுத்தபடி குடியுரிமை கேட்டவர் குவாதலூப்பின் ஹென்றி சிதம்பரம். 1863-இல் பிறந்தவர். இந்தியரின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று 1904-இல் தொடங்கிய அவருடைய வழக்கு 1923-இல்தான் முடிந்தது. இந்திய வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கப்பட்டனர். இன்று நம்மவர் போக வேண்டுமானால், ஐரோப்பியப் பயணத்துக்கான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல் கடந்த பகுதிகளுக்கெனத் தனியாகக் குறிப்பிட்ட விசா வேண்டும். நண்பரும் அவ்வாறே வாங்கினார். அத்தீவுக்குள் நம்மவர் காட்டும் சீட்டு வேறு வடிவில் தொடர்கிறது என்று அவர் சிரித்தார். சிரிப்பு முழுமையாக இல்லை.

விலையும் தொடர்கிறது. உணவில் பெரும்பகுதி இன்றும் கப்பலில்தான் வருகிறது, அதன் மேல் கடல்வரி. பிரெஞ்சுப் புள்ளிவிவரத் துறை 2022-இல் ஒப்பிட்டபோது மார்த்தினிக்கில் உணவு விலை பிரான்சைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதற்காகவே குவாதலூப்பில் 2009 ஜனவரி 20 முதல் 44 நாட்கள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. 2024 செப்டம்பரில் மார்த்தினிக்கில் மீண்டும் தெருவில் இறங்கினார்கள். கோபம் விலையின் மீது மட்டுமன்று, இறக்குமதி வாணிகம் இன்னும் பழைய தோட்டக்காரக் குடும்பங்களிடம் இருப்பதன் மீதும்.

ஆயினும் சிக்கனத்துக்கு வழியிருக்கிறது. அம்மையார் மூன்றாம் நாளே அங்காடியை விட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். அங்காடியில் அடையாளம் தெரியாத பெயர்களில் கிடந்தவை சந்தையில் உறவினர்களாகத் தோன்றினவாம். 'கிறிஸ்தோஃபின்' என்பது நம் சௌசௌ. 'தஷீன்' சேப்பங்கிழங்கு. ஈரப்பலா, வாழைக்காய், பூசணி, வெண்டை எல்லாம் உள்ளூர் விளைச்சல். காலையில் போக வேண்டும். நண்பகலுக்குள் நல்லவை தீர்ந்துவிடும். வீட்டில் அரிசியை வைத்துக்கொண்டு, சந்தைக் காயும் இந்தப் பொடியும் சேர்த்துச் சமைத்ததில் பிற்பாதிச் செலவு குறைந்ததாகச் சொன்னார்.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கத்து மளிகைக் கடைகளில் ஞாயிறு மாலை போய்ப் பாருங்கள். கடுகெண்ணெய்ப் புட்டிகள் வரிசையாக இருக்கும். பீகாரிலிருந்து வந்து பட்டறைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காகக் கடைக்காரர் வாங்கி வைப்பது. கல்கத்தாக் கப்பல்களில் டிரினிடாட் சென்றவர்களில் பெரும்பாலோர் இப்பிள்ளைகளின் போஜ்புரி நாட்டார்தாம் என்று நாங்கள் ஒருவனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. அங்கே என்ன எண்ணெய் கிடைக்கிறது என்று மட்டும் கேட்டான்.

பொட்டலத்தில் மீந்திருந்த பொடியில் அம்மையார் சென்ற வாரம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தார். புளி சேர்த்திருந்தார். கறிவேப்பிலையும் தாளித்திருந்தார்.