முத்துக்குளித்துறையில் பாஷை பயின்ற வரலாறு

ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதி, அதன் அர்த்தத்தை எழுதி, அது வழங்கும் வாக்கியத்தையும் எழுதி மனப்பாடம் செய்யும் மாணாக்கரைத் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இன்றும் காணலாம். இம்முறை ஆங்கிலேயரோடு இக்கரைக்கு வந்தது என்றே பலரும் எண்ணக்கூடும். ஆயின் ஆங்கிலக் கல்வி இங்கே வேரூன்றுவதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, அந்நியர் ஒருவர் நம் தமிழைக் கற்கும்பொருட்டு இத்தகைய பிரயாசையை இக்கடற்கரையிலேயே மேற்கொண்டார் என்பது சரித்திரம்.

திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள புன்னைக்காயலை நிலையமாகக் கொண்டு, 1547 முதல் 1600-இல் உயிர் நீக்கும் வரை பெரும்பாலும் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் போர்த்துகேசியப் பாதிரியாரே அவர்; அண்டிரிக் அடிகளார் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது. வந்த புதிதில் துபாஷியின் வாயை எதிர்பார்த்தே பேசவேண்டியிருந்த அவர், லத்தீன் இலக்கணத்தில் தாம் பயின்றிருந்த வேற்றுமைகளையும் வினை விகற்பங்களையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, பரதவர் பேச்சை அதனோடு பொருத்திப் பொருத்திப் பார்த்து, நாளடைவில் துபாஷியின்றியே பேசலானார். அக்காலத்துத் தமிழ்ப் புலவர்க்கு நிகண்டுகள் இருந்தன. அவற்றை நெட்டுருப் பண்ணியவர் நாவில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களும் வரிசையாய் வந்து நிற்கும். ஆயினும் வலை இழுப்பவனோடும் மீன் விற்பவளோடும் பேச விரும்பிய ஓர் அந்நியருக்கு அவை எவ்விதம் உதவும்? ஆகவே போர்த்துகேசிய பாஷையில் அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தில், விதியைச் சொல்லி அமையாது, அது பேச்சில் வழங்கும் வாக்கியங்களையும் எடுத்துக் காட்டினார். பதினாறாம் நூற்றாண்டில் இக்கரையோர் எவ்வாறு பேசினர் என்பதற்குச் செய்யுள் நூல்கள் தராத சாட்சியை அவ்வாக்கியங்கள் தருகின்றன. அந்நூலின் பெருமை விதிகளைக் காட்டிலும் உதாரணங்களிலேதான் இருக்கிறது என்பது என் துணிபு. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் அவர் பெற்ற பயிற்சியின் கனி.

பின்னர் அந்தாம் தெ ப்ரொவென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்-போர்த்துகேசிய அகராதி, 16,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டிருந்தும், வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலம் அறிவாரின்றிக் கிடந்தது. தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் கண்ட தனிநாயகம் அடிகளின் முயற்சியால் அது 1966-இல் கோலாலம்பூரில் மீண்டும் வெளிவந்தது. அப்பெருந்தொண்டுக்கு இக்கரையார் எந்நாளும் கடப்பாடுடையர்.

ஆங்கிலத்தின் காலம் அதற்கும் பிற்பட்டது. 1842-இல் சாயர்புரம் வந்த ஜி. யு. போப், அங்கே ஒரு குருமடப் பள்ளியை நிறுவித் தமிழ்ச் சிறுவர்க்கு ஆங்கிலத்தோடு கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார். ஐரோப்பியர் தமிழ் பயிலவோ, சொற்களும் வாக்கியப் பயிற்சியுமாகப் பாடம் பாடமாய் அமைந்த கைந்நூல் ஒன்றை 1855-இல் வெளியிட்டார். அண்டிரிக் அடிகளார் தம்பொருட்டுத் தேடிய வழியைப் போப்பையர் இருசாரார்க்கும் திறந்துவிட்டார் எனலாம். சாயர்புரத்தில் வளர்ந்த அக்கல்வி நிலையத்தைப் பிஷப் கால்டுவெல் 1883-இல் தூத்துக்குடிக்கு மாற்றினார். அது முதல் துறைமுக நகரத்துப் பிள்ளைகள் தம் ஊரிலேயே ஆங்கில உயர்கல்வி பெறலாயினர்.