கொடுத்தவர் கேட்ட கேள்வி

1954 டிசம்பர் 23, பாஸ்டன். வெற்றிகரமா முடிஞ்ச முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. ரிச்சர்ட் ஹெரிக்குக்கு கிட்னி கொடுத்தது அவரோட இரட்டைச் சகோதரர் ரொனால்ட். நோபல் பரிசு 1990இல் டாக்டர் ஜோசப் மர்ரிக்குப் போச்சு. இன்னைக்கு நாம ரொனால்ட் பக்கம் கொஞ்சம் உட்காரலாம்.

அவருக்கு 23 வயசு, எந்த நோயும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர்கள்கிட்ட ஒண்ணு கேட்டார்: நான் கொடுத்துட்டா, வாழ்நாள் முழுக்க என் உடல்நலத்துக்கு இந்த ஆஸ்பத்திரி பொறுப்பேத்துக்குமா? அவருக்கு ஆபரேஷன் பண்ண இருந்த டாக்டர் ஹாரிசன், இல்லைன்னு சொல்லிட்டார். உடனே திருப்பிக் கேட்டார்: உனக்கு உதவி தேவைப்பட்டா இந்த ரூம்ல யாராவது மாட்டேன்னு சொல்வோமா? மர்ரி தன் நோபல் உரையிலேயே இதைச் சொல்லியிருக்கார். அவ்வளவுதான் உத்தரவாதம். நான்லாம் ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணவே இதைவிட நீளமான ஒப்பந்தத்துக்கு 'அக்ரீ' அழுத்துறேன்.

1957இல் அடுத்த சிக்கல். இந்த முறை வந்த இரட்டையருக்கு 19 வயசு; அப்போ சட்டப்படி 21 ஆகாதவங்க மைனர். பிள்ளையோட நல்லதுக்குன்னா பெத்தவங்க சம்மதிக்கலாம். ஆனா ஆரோக்கியமா இருக்கிறவன் உடம்புல இருந்து கிட்னியை எடுக்கிறதுல அவனுக்கு என்ன நல்லது? கேஸ் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. சகோதரன் செத்துட்டா இவன் மனசு கடுமையா பாதிக்கப்படும்னு மனநல மருத்துவர் சாட்சி சொன்னார். நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. கொடுக்கிறவரோட மனசுதான் அந்த ஆபரேஷனுக்கே சட்டக் காரணம் ஆச்சு! அதே வருஷம் 14 வயசு இரட்டையர் இரண்டு ஜோடிக்கும் இதே மாதிரி அனுமதி கிடைச்சது.

எனக்கு உறுத்துறது இங்கேதான். பெத்தவங்க பார்த்துட்டு நிக்க, கூடப்பிறந்தது சாகக் கிடக்க, 14 வயசுல 'மாட்டேன்'னு வாய் வருமா? ரொனால்டுக்கு அந்தக் கதவு ஒரு தடவை திறந்துச்சு. முந்தின ராத்திரி ரிச்சர்டே ஒரு சீட்டு அனுப்பினார், நீ வீட்டுக்குப் போயிடுன்னு. போக மாட்டேன், இங்கேயேதான் இருப்பேன்னு இவர் பதில் எழுதினார்.

சகோதரன் செத்தா வர்ற துக்கத்தை நீதிமன்றம் எடை போட்டது, சரி. கிட்னியைக் கொடுத்த பிறகும் செத்துட்டா? ரிச்சர்ட் தன்னைக் கவனிச்ச நர்ஸையே கல்யாணம் பண்ணி, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாகி, 1963இல் இறந்துபோனார். ரொனால்ட் கணக்கு வாத்தியாரா வேலை பார்த்தார். 2010இல் சாகும்போது அவருக்கு 79 வயசு. ரிச்சர்ட் போனதுக்கு அப்புறம் 47 வருஷம்.